வியாழக்கிழமை ஜன்னல்

என் மனைவி நிம்மதியாகத் தூங்குகிறாள் என்றால் நான் வீட்டில் இல்லை என்று அர்த்தம். இது நான் சொல்வதல்ல, எங்கள் குடும்பத்தில் சொல்வது. மாமியார் சொல்வார், மைத்துனன் சொல்வான், வருடத்துக்கு ஒரு முறை போன் செய்கிற ஒன்றுவிட்ட சித்தப்பாகூடச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். ஆரம்பத்தில் மறுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அதற்குத் தெம்பில்லை. தவிர, அது உண்மையும்கூட.

தேன்மொழி இராணுவத்தில் நர்ஸ். இராணுவ நர்ஸ் என்றால் ஆபீசர். தோளில் நட்சத்திரமெல்லாம் உண்டு. நான் ஒரு பாடநூல் பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்துகிறவன். இராணுவப் பதிவேடுகளில் எனக்கு 'டிபெண்டன்ட்' என்று பெயர். அவளைச் சார்ந்து வாழ்பவர் என்று பொருள். (முதல் முறை அந்தப் படிவத்தைப் பார்த்தபோது எங்காவது பிழை இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை.) டெல்லியில் மூன்று வருடம் இருந்துவிட்டு, ஒரு மார்ச் மாதக் கடைசியில் கொச்சிக்கு மாற்றலாகி வந்தோம். கடற்படை ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. குவார்ட்டர்ஸ் எதுவும் காலி இல்லை. எங்கள் முறை வரும்வரை இருக்கட்டும் என்று, மட்டாஞ்சேரியில் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த ஒரு பழைய கட்டிடத்தில் முதல் மாடியைக் கொடுத்தார்கள்.

கீழே முழுக்கக் கிடங்கு. ஒரு பக்கம் அரிசி, மறுபக்கம் மிளகு, சுக்கு, வற்றல் மிளகாய். முதல் மாடியில் நாங்களும் எதிரே ஒரு வங்காளி லெப்டினன்ட்டின் குடும்பமும். அதற்கு மேலே மேனன் சார் என்கிற லெப்டினன்ட் கமாண்டரும் அவர் மனைவியும். எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இந்தக் கட்டிடத்தில் ஏசி பொருத்தக் கூடாது, ஒயர் தாங்காது என்று அதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. கட்டிடத்தின் வயதைப் பார்த்தால் நியாயமான நோட்டீஸ்தான்.

"பரவாயில்ல, ஃபேன் இருக்கே" என்றாள் தேன்மொழி. ஃபேன் இருந்தது. அது சுற்றவும் செய்தது. அறையில் இருந்த வெந்நீர் போன்ற காற்றை அள்ளி நம் மேல் ஊற்றிவிட்டு, மறுபடி அள்ளப் போகும். குளித்துவிட்டுத் துவட்டினால், துவட்டத் துவட்ட வேர்த்தது. எது குளித்த தண்ணீர், எது வியர்வை என்று பிரிக்க முடியாமல் இரண்டு நாளில் துவட்டுவதையே விட்டுவிட்டேன்.

ஆனால் நான் கவலைப்படவில்லை. நான் பிறந்தது அருப்புக்கோட்டையில். மூன்று டெல்லிக் கோடையைத் தாண்டியவன். வெயிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று அந்த நாட்களில் உண்மையாகவே நம்பினேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெயிலைச் சமாளிக்க ஒரே ஒரு வழிதான் தெரியும். காலை ஒன்பது மணிக்குள் எல்லாக் கதவையும் ஜன்னலையும் சாத்தி, அனலை வெளியே நிறுத்திவிட வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அருப்புக்கோட்டையில் இது வேலை செய்யும், டெல்லியிலும் செய்யும். எனவே உலகம் முழுக்க வேலை செய்யும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

கொச்சிக்கு வந்த இரண்டாவது வாரம் தேன்மொழிக்கு நைட் டூட்டி போட்டார்கள். தொடர்ந்து பதினான்கு இரவு. காலை எட்டரைக்கு வீட்டுக்கு வருவாள், இரண்டு இட்லி சாப்பிடுவாள், படுப்பாள். மாலை ஐந்து வரை தூங்கினால்தான் இரவு முழுக்க வார்டில் நிற்க முடியும். "நீ நிம்மதியாத் தூங்கு, ரூமை நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது.

முதல் நாள் எல்லா ஜன்னலையும் சாத்தினேன். தரையில் இரண்டு வாளி தண்ணீர் தெளித்தேன். கட்டிலைச் சுற்றி நான்கு ஈரப் போர்வைகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அறை இட்லிக் கொப்பரைக்குள் இருப்பது போல ஆகிவிட்டது. அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுவிட்டு, எழுந்து போய்ச் சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டாள். அங்கேயும் நான் தண்ணீர் தெளித்திருந்தேன்.

இரண்டாம் நாள் போர்வைகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன். மூன்றாம் நாள் பார்த்தால், போர்வைகள் காயவே இல்லை. சமையலறையில் உப்பு தண்ணீராகிவிட்டது. அப்பளம் துணி மாதிரித் தொங்கியது. தீப்பெட்டியில் பாதியை உரசித் தீர்த்தும் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை. அவளுடைய கறுப்பு ஷூவில் பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது. என் அகராதி ஒரு பங்கு பெருத்து, மூட மறுத்தது. இத்தனையையும் பார்த்த பிறகும் ஈரம் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான்காம் நாள் காலை அவள் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் இட்லித் தட்டை நீட்டினேன், வாங்கவில்லை.

"இன்னைக்கு மூணாம் பெட்காரருக்குக் குடுக்க வேண்டிய ஊசிய நாலாம் பெட்கிட்ட எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றாள்.

"போட்டுட்டியா?"

"இல்ல. போடறதுக்கு முன்னால பேரைப் படிப்போம்ல. படிச்சேன். பேரு வேற. நின்னுட்டேன்." குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். "படிக்காம விட்டிருந்தா? எனக்குத் தூக்கம் வேணுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அதுவரை நான் ஒரு அறையைக் குளிர வைக்கிற வேலையில் இருந்தேன். அவளோ யாரோ ஒருவரின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நாளாகத் தூங்காமல் நடந்துகொண்டிருக்கிறாள். இனியும் சில்லறை வேலை பார்க்கக் கூடாது, பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்த நிமிடம் முடிவெடுத்தேன். என் முடிவுகளில் பெரியவை எல்லாம் இப்படித்தான் பிறந்திருக்கின்றன.

டெல்லியிலிருந்து ஒரு கூலரைக் கொண்டு வந்திருந்தோம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பீரோவில் பாதி உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. மூன்று பக்கமும் புல் அடைத்த தட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் பெரிய விசிறி. ஒரு சின்ன மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றி, புல் வழியாக வடியவிடும். விசிறி வெளிக்காற்றை அந்த ஈரப் புல் வழியாக இழுத்து உள்ளே ஊதும். டெல்லியில் அது எங்கள் குலதெய்வம். லாரியில் வந்த வழியில் புல் எல்லாம் உதிர்ந்து கொட்டிவிட்டது. சரி, மட்டாஞ்சேரியில் வெட்டிவேருக்கா பஞ்சம் என்று கீழே இறங்கினேன்.

கிடங்கை நடத்துபவர் பெயர் சிராஜ். என் வயதுதான் இருக்கும். பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். பேச்சில் இரண்டும் கலந்து வரும்; தண்ணீர் அவருக்கு வெள்ளம். வெட்டிவேரை அங்கே ராமச்சம் என்பார்கள். கடை முகப்பில் கட்டுக் கட்டாகத் தொங்கியது.

"எத்தன கட்டு சேட்டா?"

"எட்டு."

அவர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "எட்டா? இது குடிவெள்ளத்துல இடற சாதனம். ஒரு கட்டு இருந்தா ரெண்டு மாசம் ஓடும். வீட்ல கல்யாணம் வல்லதும் உண்டா?"

"குடிக்க இல்ல சிராஜ். கூலருக்கு."

"கூலரா? இங்கயா?" அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தார். "சேட்டா, இவிட காத்துலயே வெள்ளம் உண்டு. அதுல பின்னயும் வெள்ளம் விட்டா என்ன ஆகறது?"

நான் அவருக்கு விளக்கினேன். நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் காற்று குளிரும். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது, அதைத் திருத்தியவனே நான்தான் என்றும் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு எட்டுக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தார். (பின்னாளில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அடுத்த பக்கத்திலேயே, காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் இம்முறை பயன் தராது என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தையும் நான்தான் திருத்தியிருக்கிறேன். ஒற்று சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன், படிக்கவில்லை.)

அன்று புதன்கிழமை. கூலரைப் படுக்கையறைக்குள்ளேயே வைத்து ஓட்டினேன். முதல் பத்து நிமிடம் சொர்க்கம். வெட்டிவேர் வாசனை, ஜிலுஜிலுப்பு. தேன்மொழி கண்ணை மூடிக்கொண்டு "நல்லாருக்குங்க" என்றாள். நான் கண் கலங்கிவிட்டேன். அரை மணி நேரத்தில் சுவரில் நீர் முத்து முத்தாக அரும்பியது. ஒரு மணி நேரத்தில் தலையணை உறை நனைந்துவிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்து, "மழைல நனைஞ்சுட்டே படுத்திருக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, கூலரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அன்று அவள் தூங்கியது மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

அன்று சாயங்காலம் அவள் டூட்டிக்குப் போன பிறகு தவறு எங்கே என்று உட்கார்ந்து யோசித்தேன். உடனே பிடிபட்டது. டெல்லியில் கூலர் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். புதுக் காற்றை இழுக்கும். இங்கே உள்ளே இருந்த காற்றையே திரும்பத் திரும்ப நனைத்திருக்கிறேன். கூலரை ஜன்னலுக்கு வெளியே மாட்ட வேண்டும், அவ்வளவுதான். முன்பக்க ஜன்னல்கள் தெருவைப் பார்த்தவை. அங்கே மாட்டினால் போகிற வருகிறவர்கள் தலையில் சொட்டும். பின்பக்க ஜன்னல் கிடங்கின் முற்றத்தைப் பார்த்தது. அதற்குக் கீழே ஒரு கான்கிரீட் சன்ஷேடும் இருந்தது. கூலருக்கென்றே கட்டி வைத்தது மாதிரி இருந்தது.

சுமைக்காரர்கள் இரண்டு பேரும் சிராஜும் கயிறு கட்டி ஏற்றித் தந்தார்கள். கூலரைச் சன்ஷேடில் நிறுத்திய பிறகு சிராஜ் கீழே இருந்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேட்டா, இந்தப் பக்கம் வேண்டாம். அப்பறத்து ஜன்னல் போதும். இங்க வியாழாழ்ச்ச..."

"காத்தோட்டம் பத்தி எனக்குத் தெரியும் சிராஜ்" என்றேன்.

"அதல்ல சேட்டா, வியாழாழ்ச்ச காலைல இங்க..."

"சத்தம் வந்தாப் பரவாயில்ல. கூலர் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

அவர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். கடை அடைக்கிற நேரம், அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மனிதர் இரண்டு முறைக்கு மேல் சொல்வாரா?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முந்தைய வாரம் வியாழக்கிழமை காலை, எதிர் வீட்டிலும் மேல் வீட்டிலும் பின்பக்க ஜன்னல்களை இறுக்கச் சாத்தி, இடுக்கில் துணிகூட அடைத்திருந்ததை நான் பார்த்தேன். அன்று எங்கள் ஜன்னலும் என் தயவால் சாத்தித்தான் இருந்தது. 'இவர்களும் நம்மைப் போல விவரமானவர்கள்' என்று நினைத்துக்கொண்டேனே தவிர, எதற்குச் சாத்துகிறார்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை. தேன்மொழி வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். கூலரைப் போட்டேன். இந்த முறை நிஜமாகவே வேறு மாதிரி இருந்தது. காயல் பக்கத்துக் காற்று பலமாக வந்து விழுந்தது. பத்து நிமிடத்தில் அவளிடமிருந்து மெல்லிய குறட்டைச் சத்தம் கேட்டது. ஐந்து நாளில் முதல் முறையாக அவள் வாய் லேசாகத் திறந்து, கை தளர்ந்து, குழந்தை மாதிரித் தூங்கினாள். நான் அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கினேன். போனை ஊமையாக்கினேன். எதிர் வீட்டு வங்காளிப் பெண்ணின் குழந்தை வராந்தாவில் விளையாட வந்தபோது, வாயில் விரலை வைத்துச் சைகை காட்டினேன். ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு அவளைக் காவல் காத்துவிட்டு, இந்த வெற்றியைக் கொண்டாட ஒரு சாயா குடித்தால் என்ன என்று தோன்றியதால் பூனை மாதிரிக் கீழே இறங்கினேன்.

சாயாக் கடை எங்கள் கட்டிடத்துக்கு நேர் எதிரே. சாயாவும், பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு உள்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எண்ணெய் வடிய ஒரு கடி கடித்திருப்பேன். எதிரே கட்டிடத்திலிருந்து யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொருவர் இருமினார். பிறகு ஒரு குழந்தை அழுதது. அதற்குப் பிறகு மேலே ஒரு கதவு படாரென்று திறந்து, மேனன் சாரின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

மேனன் சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கப்பலில் தீப்பிடித்தால், தண்ணீர் புகுந்தால், விஷவாயு பரவினால் என்ன செய்ய வேண்டும் என்று மாலுமிகளுக்கு வகுப்பெடுப்பவர் அவர். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாக வரும். இருபது வருடமாக விஷவாயுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறவர். ஒரு முறைகூட அதை நேரில் சந்தித்ததில்லை.

"கேஸ்! கேஸ்!" என்று இரண்டே இரண்டு முறைதான் கத்தினார். அதன் பிறகு குரல் நிதானமாகிவிட்டது. "ஆரும் ஓட வேண்டாம். நனைச்ச துணிய மூக்குல வெச்சுக்கணும். சுவரப் பிடிச்சு, குனிஞ்சு, வரிசையா இறங்கணும்."

அப்படியே இறங்கினார்கள். மேனன் சாரின் மனைவி ஈரத் துண்டோடு முதலில் வந்தார். வங்காளிப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசியாக, நைட்டியில், தலை கலைந்து, கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிய, ஈரத் தலையணை உறையை மூக்கில் அழுத்திக்கொண்டு என் மனைவி வந்தாள். நைட்டியில் தெருவுக்கு வந்தும்கூட அவள் அந்தக் குழந்தையின் கண்ணைத்தான் முதலில் துடைத்துவிட்டாள். தெருவில் போன ஆட்டோக்கள் நின்றன. யாரோ அம்மோனியா டேங்கர் என்றார். இன்னொருவர், ஏலூர்த் தொழிற்சாலைப் பக்கம் ஏதோ வெடித்திருக்கும் என்றார். நானும் பதறிப்போய் எழுந்தேன். அந்த நேரத்தில்தான் காரமான நெடி ஒன்று தெருவைத் தாண்டி என் மூக்குக்கு வந்தது. அம்மோனியா இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் வாரம் ஒரு முறை நானே கிளப்புகிற நெடி அது. வற்றல் மிளகாய்.

அந்த நெடிக்குப் பின்னால் மெல்ல ஒரு சத்தமும் கேட்டது. என் கூலரின் சத்தம்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை, பின்பக்க முற்றத்தில் மிளகாய் மூட்டைகளை உடைத்து, பெரிய சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். விதையும் தூளும் கீழே விழும், நெடி மேலே ஏறும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஜன்னலைச் சாத்தி வைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது; இத்தனை வருடமும் ஆனதில்லை. நானோ அந்த முற்றத்துக்கு நேர் மேலே ஒரு ஒன்றரையடி விசிறியை வைத்து, கிடங்கின் மிளகாய் நெடி மொத்தத்தையும் இழுத்து வீட்டுக்குள் ஊதிக்கொண்டிருந்தேன். நான் திணித்த ராமச்சம் ஒரு பக்கம் சரிந்து வழியும் விட்டிருக்கிறது. படுக்கையறை நிறைந்து, வராந்தாவுக்கு வந்து, மாடிப்படி வழியாக மேலே போயிருக்கிறது.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. இதற்கிடையில் மேனன் சார் விரல் நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆள் குறையறது. மேடத்தோட ஹஸ்பண்ட் எங்க?"

தேன்மொழி கண்ணைத் திறக்க முடியாமல் சொன்னாள், "ரூம்லதான் உக்காந்திருந்தார் சார். என்னைப் பாத்துட்டே உக்காந்திருந்தார்."

அடுத்த நொடி அந்த ஐம்பது வயது மனிதர் துண்டை வாளியில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு, என்னைக் காப்பாற்ற மாடியேறிவிட்டார். நான் சாயாக் கடைக்குள், ஒரு கையில் கிளாஸும் மறுகையில் பாதி பழம்பொரியுமாக நின்றுகொண்டிருந்தேன். மேலே எங்கள் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. "சார்! எங்க இருக்கீங்க? தரையோட தவழ்ந்து வாங்க" என்று இருமலுக்கு நடுவே அவர் என்னைக் கூப்பிடுவதும் கேட்டது. குளியலறையில் தேடியிருக்கிறார், கட்டிலுக்கு அடியில் தேடியிருக்கிறார். பீரோவைக்கூடத் திறந்து பார்த்திருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது.

தெருவைத் தாண்டிப் போனேன். பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தேன்மொழி முதலில் என் செருப்பைப் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து சாயாவைப் பார்த்தாள், பழம்பொரியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் ஆறுதல் தெரிந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்கிற ஆறுதல். அது அந்த ஒரு கணம்தான் இருந்தது.

"கூலரை நிறுத்திட்டு வாங்க" என்றாள். அவள் கத்தியிருந்தால் தேவலை.

நான் மேலே போனபோது மேனன் சார் தடவிக்கொண்டே கீழே இறங்கிக்கொண்டிருந்தார். மாடிப்படியின் நடுவில் இருவரும் மோதிக்கொண்டோம். அவர் என் தோளை இறுகப் பிடித்து, "கிடைச்சாச்சு, கிடைச்சாச்சு" என்று சொல்லியபடி என்னை இழுத்துக்கொண்டே கீழே வந்துவிட்டார். மறுபடி ஒரு முறை ஏற வேண்டியிருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு, தும்மலும் கண்ணீருமாகக் கீழே வந்தபோது சிராஜ் நின்றிருந்தார். முற்றத்தில் சல்லடையை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"நான் சொல்ல வந்தேன் சேட்டா" என்றார். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

மேனன் சார் கண்ணைக் கழுவிவிட்டு விசாரணையைத் தொடங்கினார். மெஷின் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை நேரம் ஓடியது, தண்ணீர் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். அவருக்குக் கோபமில்லை. கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. இருபது வருடம் காத்திருந்து வந்தது வெறும் மிளகாய். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தேன்மொழியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினால், அவளைக் காணோம்.

கிடங்கின் அரிசிப் பக்கத்தில் இருந்தாள். மிளகாய் முற்றத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு கனத்த சுவர். மேலே உயரமான ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு வாசல், பின்னால் காயலைப் பார்த்துத் திறந்திருக்கிற இரட்டைக் கதவு. கண் எரிச்சல் போகட்டும் என்று போய் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து, அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளின் மேல் தூங்கிப்போயிருந்தாள். அந்தக் கதவு வழியாகக் காற்று வந்து, இந்தக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வெறும் காற்று. அதை யாரும் நனைக்கவில்லை, சாத்தவில்லை, பிடித்து வைக்கவில்லை. அவள் நெற்றி காய்ந்திருந்தது. கொச்சிக்கு வந்த பிறகு காய்ந்த நெற்றியோடு அவளை நான் பார்த்தது அப்போதுதான்.

ஐந்து நாளாக அவளுக்காக என்னென்னவோ செய்திருந்தேன். எல்லாவற்றையும் நிறுத்தியவுடன் அவள் தூங்கிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. (மிளகாய் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அதுவரைக்கும் நல்லது.)

லோடு ஏற்ற வந்த இரண்டு சுமைக்காரர்கள் வாசலில் நின்றார்கள். சிராஜ் அவர்களைக் கையமர்த்தினார். "மேடம் உறங்கறாங்க. சுக்கு எடுத்துட்டுப் போங்க, அரிசி பின்ன எடுத்தா மதி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். என்னிடம் திரும்பி, "சேட்டன் வேணும்னா சாயா குடிச்சுட்டு வாங்க" என்றார். நான் இல்லாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்று அந்தக் கிடங்குக்கே தெரிந்திருந்தது. மாலை நாலரை வரை அவள் எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் சாக்கின் பின்னல் அச்சாகப் பதிந்திருந்தது. அன்றிரவு அப்படியே டூட்டிக்குப் போனாள். மறுநாள் காலை வந்து, "எல்லாருக்கும் சரியாக் குடுத்தேன். ஒருத்தரும் மாறல" என்று சொல்லிவிட்டு நேரே கிடங்குக்குப் போனாள்.

மீதி இருந்த நாட்கள் முழுக்க அங்கேதான் தூங்கினாள். மேனன் சாரின் மனைவி ஒரு மடக்குக் கட்டில் கொடுத்தார், சிராஜ் சாக்கில் ஒரு திரை கட்டிக் கொடுத்தார். கூலரை நான் சன்ஷேடிலிருந்து இறக்கி, முற்றத்தின் மூலையில் போட்டுவிட்டேன். அதே மாதம் ஒரு பூனை அதற்குள் மூன்று குட்டி போட்டது. அந்தக் கூலருக்குள் நிம்மதியாகத் தூங்கிய ஜீவன்கள் அவை மட்டும்தான். மேனன் சார் தன் வகுப்பில் அந்தச் சம்பவத்தை, பெயர் சொல்லாமல், ஒரு பாடமாகச் சேர்த்துக்கொண்டார் என்று கேள்வி. ஆள் எண்ணிக்கை குறைந்தால், மாடியேறுவதற்கு முன்னால் பக்கத்துச் சாயாக் கடையில் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது அந்தப் பாடமாம்.

அடுத்த வருடம் எங்களுக்கு உண்மையான குவார்ட்டர்ஸ் கிடைத்தது. புதுக் கட்டிடம், ஒயர் தாங்கும், ஏசி உண்டு. குடிபுகுந்த முதல் பகல், அறை குளிர்ந்து கிடக்க, அவள் ஒரு மணி நேரம் புரண்டாள். நான் கட்டில் பக்கத்தில் நின்று, குளிரைக் கூட்டட்டுமா குறைக்கட்டுமா, திரையை இழுக்கட்டுமா, போர்வை மெல்லிசாக எடுத்துத் தரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள், "ஏங்க, போய் ஒரு சாயா குடிச்சுட்டு வாங்களேன்."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஐந்து நிமிடத்தில் உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. இதை அவள் தம்பியிடம் அவளே போனில் சொல்லிவிட்டாள், அங்கிருந்து குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது அவன் எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி இதுதான்: "அக்கா தூங்குதா மாமா? அப்ப நீங்க எங்க நிக்கறீங்க?"

இன்றும் அவளுக்கு நைட் டூட்டி முடிந்த பகல். மணி பதினொன்று. அவள் உள்ளே தூங்குகிறாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேர்க்கிறது. சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஐந்து மணி வரை தட்டுவதாக இல்லை.